நம் நாள்களை எண்ணக் கற்போம்
(நவம்பர் மாத வானொலி மறையுரைச் சிந்தனை)



நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் கல்லறைத் தோட்டத்துப் புல்லைச் செதுக்குகிறோம். சிலுவைகளுக்கு வெள்ளையடிக்கிறோம். பங்கு அலுவலகத்தில் இறந்தோருக்கான திருப்பலிக் கருத்துகளை எழுதிக் கொடுக்கிறோம். முதல் நாளில் புனிதர் அனைவரையும் கொண்டாடிவிட்டு, இரண்டாம் நாளில் இறந்த நம்பிக்கையாளர் அனைவரையும் நினைவுகூர்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பிரான்ஸ் நாட்டின் குளூனி துறவுமடத்தில் அதிபராக இருந்த புனித ஓதிலோ, தம் பொறுப்பிலிருந்த மடங்களில் ஏற்படுத்திய வழக்கம் இது. பின்னர் திருஅவை முழுவதும் இதை ஏற்றுக்கொண்டது.

நம் வேலூர் மறைமாவட்டத்துக்குள் அமைந்த திருவண்ணாமலை நகரமும் ஏறக்குறைய இதே நாள்களில் ஒரு பெருவிழாவுக்கு ஆயத்தமாகிறது. நம் அயலார் கொண்டாடும் கார்த்திகைத் தீப விழா அது. இங்கே வாழும் நாம் அந்தத் தீபத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆகவே இந்த மாதத்தில் நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு, இந்த மண்ணிலும் இதன் வானத்திலும் இருந்தே சில பாடங்களைத் தேடுவோம்.

கேள்வியைத் தருவது 90-ஆம் திருப்பாடல். மோசேயின் மன்றாட்டு என்று தலைப்பிடப்பட்ட பாடல் அது. மனித வாழ்வின் குறுகிய அளவைச் சொல்லிவிட்டு, எங்கள் நாள்களை எண்ணுவதற்குக் கற்றுக்கொடும் என்று அது இறைவனிடம் கேட்கிறது. நாள்களை எண்ண நமக்குத் தெரியாதா? சுவரில் நாள்காட்டி தொங்குகிறது. கைப்பேசியைத் தொட்டால் மணியும் தேதியும் தெரிகின்றன. பிறகு எதற்கு இந்த மன்றாட்டு? தேதியைத் தெரிந்துகொள்வது வேறு, எஞ்சியிருக்கும் நாள்களை எதற்காகச் செலவிடுவது என்று தெரிந்துகொள்வது வேறு. திருப்பாடல் கேட்பது இரண்டாவதை.

மலையும் நிலையாதது

திருவண்ணாமலையில் நிற்பவருக்கு நிலையானது எது என்று கேட்டால், மலையைத்தான் காட்டுவார். 2,668 அடி உயரமுள்ள அந்த மலையின் பாறை நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது. அதன் அடிவாரத்தில் எத்தனையோ அரசர்கள் வந்து போனார்கள். நம் தாத்தா பாட்டி பார்த்த அதே மலையைத்தான் நாமும் பார்க்கிறோம்.

அந்த எண்ணத்தை 2024 டிசம்பர் 1-ஆம் நாள் உடைத்தது. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தனர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மண்ணை அகற்றித் தேடியதை ஊரே கலங்கி நின்று பார்த்தது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள், டிசம்பர் 13 அன்று, அதே மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை.

இப்படிப்பட்ட சாவுகள் நேரும்போது, 'என்ன பாவம் செய்தார்களோ' என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு. இயேசுவின் காலத்திலும் இருந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இறந்தவர்கள் மற்ற எருசலேம்வாசிகளைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதிலும் சொல்கிறார். இடிபாட்டில் இறந்தவர்களைப் பற்றித் தீர்ப்பு எழுத அவர் நம்மை விடவில்லை. உயிரோடு நிற்கும் நம் பக்கமாகவே பேச்சைத் திருப்புகிறார். மனம் மாற வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான்.

அந்த மனமாற்றத்தில் சமூகப் பொறுப்பும் அடங்கும். சரிவான இடத்தில் ஏழைகள் வீடு கட்டுவது விருப்பத்தினால் அன்று; சமதளத்தில் இடம் வாங்க அவர்களால் முடிவதில்லை. அவர்களுடைய பாதுகாப்பைப் பற்றி மழைக்காலத்துக்கு முன்பே கேட்பதும், கேட்டுக்கொண்டே இருப்பதும் அறச்செயல். இறந்தபின் மெழுகுதிரி ஏற்றுவதோடு அது நின்றுவிடக் கூடாது.

வானத்து நாள்காட்டி

இனி, மலையிலிருந்து கண்ணை மேலே உயர்த்துவோம். கார்த்திகை மாதத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? நம் மாதங்கள் கதிரவனின் போக்கைக் கொண்டு கணக்கிடப்பட்டாலும், அவற்றின் பெயர்கள் முழுநிலவு எந்த விண்மீனின் அருகே வருகிறதோ அதைக் கொண்டு அமைந்தவை. இந்த மாதத்தில் முழுநிலவு கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் அருகே வருகிறது. முழுநிலவு நாளில் நிலவு கதிரவனுக்கு நேர் எதிர்ப்புறத்தில் இருப்பதால், மேற்கே கதிரவன் மறையும் வேளையில் கிழக்கே நிலவும் கார்த்திகையும் எழுகின்றன. தீபம் ஏற்றும் மாலை ஆறு மணி அந்த வேளைதான்.

கார்த்திகையை அறுமீன் என்றும் நம் முன்னோர் அழைத்தார்கள். வெறுங்கண்ணுக்கு ஆறு புள்ளிகள் தெரியும், கண் கூர்மையானவர்களுக்கு ஏழு. தொலைநோக்கியில் பார்த்தால் நூற்றுக்கணக்கில் தெரியும். விவிலியமும் இந்தக் கூட்டத்தை அறியும். யோபு நூலும் ஆமோஸ் நூலும் படைத்தவரின் ஆற்றலைப் பேசும்போது இதைக் குறிப்பிடுகின்றன. யோபு தன் பிள்ளைகளை இழந்து சாம்பலில் அமர்ந்திருந்தபோது நினைத்துப் பார்த்த விண்மீன்களும், நம் மொட்டை மாடியிலிருந்து இன்றிரவு தெரியும் விண்மீன்களும் ஒன்றே.

ஆனால் இன்றிரவு நாம் காணப்போவது இன்றைய ஒளி இல்லை. ஒளி ஒரு நொடியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும். நிலவிலிருந்து நம்மை வந்தடைய அதற்கு ஒன்றேகால் நொடியும், கதிரவனிலிருந்து வர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலும் ஆகும். கார்த்திகையிலிருந்து வர ஏறக்குறைய 440 ஆண்டுகள் ஆகும். அதாவது, இன்று நம் கண்ணில் படும் ஒளி அங்கிருந்து கிளம்பியது 1580-களில்.

அந்த 1580-களில் பூமியில் என்ன நடந்தது? 1582-இல் திருத்தந்தை 13-ஆம் கிரகோரி நாள்காட்டியைத் திருத்தினார். பழைய கணக்கில் ஓராண்டு உண்மையான ஆண்டைவிட ஏறக்குறைய பதினொரு நிமிடம் நீளமாக இருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அந்த நிமிடங்கள் நாள்களாகச் சேர்ந்து, உயிர்ப்புப் பெருவிழாவின் கணக்கே தடம் மாறியது. இயேசு சபைக் கணித அறிஞர் கிறிஸ்டோபர் கிளாவியுஸ் போன்றோரின் உழைப்போடு, பத்து நாள்கள் நீக்கப்பட்டன. அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆனது. அந்த நள்ளிரவைத்தான் அவிலா நகர்ப் புனித தெரேசா கடந்து சென்றார். அவர் அக்டோபர் 4 இரவில் இறந்தார், மறுநாள் அடக்கம் செய்யப்பட்டபோது தேதி அக்டோபர் 15. அவருடைய திருவிழாவை நாம் அக்டோபர் 15 அன்று கொண்டாடுவதற்குக் காரணம் இதுவே.

நம் தமிழ் மண்ணில் அதே காலத்தில் என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் முத்துக்குளித்துறையில் உழைத்துக்கொண்டிருந்தார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகக் காரணமானவர் அவர். 1586-இல் புனிதர்களின் வாழ்வைச் சொல்லும் 'அடியார் வரலாறு' நூலையும் அச்சிட்டுத் தந்தார். கடற்கரைச் சிற்றூர் மக்கள் தங்கள் மொழியில் புனிதர்களின் கதையைக் கேட்கத் தொடங்கிய அந்தக் காலத்தில் கிளம்பிய ஒளி, இப்போதுதான் நம் முற்றத்துக்கு வந்து சேர்கிறது. அடிகளார் 1600-இல் இறந்துவிட்டார். அவர் தொடங்கிய தமிழ் அச்சுப் பணியின் தொடர்ச்சியாகவே நம் கையில் இன்று மறைநூலும் பாடல் புத்தகமும் இந்தப் பங்கு மடலும் இருக்கின்றன. நன்மை செய்தவர் போனபின்பும், அவர் செய்த நன்மை பயணத்தில் இருக்கிறது.

கல்லில் ஒரு நாயின் பெயர்

மூன்றாவது பாடத்துக்கு மலையடிவாரத்தை விட்டுச் செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் போக வேண்டும். அங்கே வயல் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் பழங்காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாகவே அவற்றை வெளியிட்டது. முனைவர் இரா. நாகசாமி அதன் பதிப்பாசிரியர்.

நடுகல் என்பது இறந்த வீரருக்காக நடப்பட்ட கல். அந்தக் காலத்தில் மாடுதான் செல்வம். ஓர் ஊரின் ஆநிரைகளை மற்றவர்கள் கவர்ந்து செல்வதும், ஊர்க்காரர்கள் துரத்திச் சென்று மீட்பதும் அடிக்கடி நடந்தன. மீட்கப் போய் உயிர்விட்டவருக்கு ஊர் கல் நட்டது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று இதற்கான படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. இந்தக் கற்களில் பேரரசர்களைவிட ஊர்க்காவலர்களே மிகுதி. அரசனின் பெயர் ஆண்டுக் கணக்குக்காகத்தான் வருகிறது. கல் நின்றது சாதாரண மனிதருக்காக.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனிச்சிறப்புடையது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டில், அது நடப்பட்டது. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவருடைய கல் அது. வீரரின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது திருடர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சற்று எண்ணிப் பார்ப்போம். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், எழுதத் தெரிந்தவர்கள் மிகச் சிலராக இருந்த ஒரு சிற்றூரில், கல்லில் உளியடித்து எழுத்துப் பொறிப்பது எவ்வளவு பாடு! அந்தப் பாட்டில் ஒரு வரியை ஒரு நாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நிலம் இல்லை, பதவி இல்லை. ஓட வழி இருந்தும் ஓடாமல் நின்றது என்பது ஒன்றே அதன் தகுதி. அந்த ஊர் மக்கள் மறக்கக் கூடாது என்று நினைத்தது அதைத்தான்.

நற்பண்பு என்றால் பெரிய செயல்கள் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். விட்டுப் போகாமல் இருப்பது என்பது அதன் முதல் எழுத்து. பக்கவாதம் வந்த கணவரைப் பத்து ஆண்டுகளாகத் திருப்பிப் படுக்கவைக்கும் மனைவி, பெற்றோர் இல்லாத அண்ணன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைக்கும் சித்தப்பா, கொள்ளைநோய்க் காலத்தில் அடக்கத்துக்கு ஆள் வராதபோது தோள் கொடுத்த இளைஞர்கள் என்று ஒவ்வொரு பங்கிலும் இவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கல் நடுவார் இல்லை. இவர்களுடைய பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்படுகின்றன என்பதே லூக்கா 10-ஆம் அதிகாரம் சீடர்களுக்குத் தரும் மகிழ்ச்சி. பேய்கள் அடங்குவதைவிட அதற்காகவே மகிழச் சொன்னார் ஆண்டவர்.

நாம் நட்ட கற்களும் ஒருநாள் தேயும். செங்கத்துக் கற்கள் பலவற்றில் எழுத்து மங்கிவிட்டது; கல் மட்டும் நிற்கிறது, யாருக்கு நட்டது என்று தெரியவில்லை. நம் கல்லறைத் தோட்டங்களிலும் பெயர் அழிந்த சிலுவைகள் உண்டு. இரண்டாம் நாள் திருப்பலியில் திருஅவை 'அனைவரையும்' நினைவுகூர்வதன் பொருள் இங்கே விளங்குகிறது. நினைவில் வைக்க எவரும் எஞ்சாதவர்களையும் அந்த ஒரு சொல் சேர்த்துக்கொள்கிறது.

முடிக்காமல் போன வேலை

நான்காவது பாடம் சவ்வாது மலையிலிருந்து வருகிறது. நம் மாவட்டத்திலும் பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்திலும் விரிந்து கிடக்கும் அந்த மலையில், ஆலங்காயத்துக்கு அருகே காவலூர் என்ற சிற்றூர் இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டான வானம் அங்கே உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியையும் காணலாம். இதைக் கண்டறிந்து அங்கே வானாய்வகம் அமைத்தவர் வேணு பாப்பு.

1927 ஆகஸ்டு 10 அன்று சென்னையில் பிறந்தவர் அவர். 1949-இல் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தபோதே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது. 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். 1968-இல் காவலூரில் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. ஆனால் அவருடைய பெரிய கனவு வேறு. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார். அதன் ஆடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரில் நடந்தது. அவ்வளவு பெரிய ஆடியில் தலைமயிரின் கனத்தில் மிகச் சிறு பங்கு பிசகினாலும் விண்மீன் தெளிவாகத் தெரியாது. அவசரப்பட முடியாத வேலை அது.

அந்த வேலை முடியுமுன் 1982 ஆகஸ்டு 19 அன்று ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் பாப்பு இறந்தார். 55 வயது நிறைந்து ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. உலக வானியலாளர் ஒன்றியத்தின் தலைவராக அவர் அப்போது இருந்தார். உடன் உழைத்தவர்கள் வேலையை விட்டுவிடவில்லை. 1986 ஜனவரி 6 அன்று, அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர்த் தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் வேணு பாப்புவின் பெயரே வைக்கப்பட்டது. ஜனவரி 6 என்பது, விண்மீனைப் பின்தொடர்ந்து வந்த ஞானிகளைத் திருஅவை வழிவழியாக நினைக்கும் நாள்.

தாம் கட்டிய தொலைநோக்கி வழியாக ஒரு விண்மீனைக்கூடப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மோசேயும் இப்படித்தான். நாற்பது ஆண்டுகள் மக்களை நடத்திவந்தவர், நெபோ மலையில் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் மட்டும் கண்டு, உள்ளே கால் வைக்காமலே இறந்ததை இணைச்சட்ட நூலின் கடைசி அதிகாரத்தில் வாசிக்கிறோம். 90-ஆம் திருப்பாடலின் தலைப்பில் அவருடைய பெயர் இருப்பது பொருத்தமாகவே படுகிறது. அந்தப் பாடலின் இறுதி வேண்டுதலும், எங்கள் கைகளின் வேலையை நீரே நிலைக்கச் செய்யும் என்பதுதான். வேலை செய்பவர் நிலைக்க மாட்டார் என்று அறிந்த பிறகும் வேலைக்காக மன்றாடும் மன்றாட்டு அது.

நாம் செய்யக்கூடியவை

நிலையாமையைப் பற்றித் திருக்குறளில் ஒரு தனி அதிகாரமே உண்டு. சாவை நினைப்பது தமிழருக்குப் புதிதன்று. ஆனால் நினைத்துவிட்டுச் சோர்ந்து அமர்வதற்காக நம் முன்னோர் அதை எழுதவில்லை. நல்லதை இன்றே செய்துவிட வேண்டும் என்பதற்காக எழுதினார்கள்.

மலையுச்சித் தீபம் பதினொரு நாள்கள் எரிந்து அணைகிறது. கொப்பரையில் எஞ்சும் மையை எடுத்துப் பக்தர்களுக்கு வழங்குகிறார்கள். அவர்கள் அதை நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். நாமும் கடந்த ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலைத் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் ஏற்கிறோம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் சமயப் பொருள் வேறு. ஆனாலும் எரிந்து முடிந்ததன் அடையாளத்தை நெற்றியில் தாங்கிக்கொண்டு அடுத்த நாள் வேலைக்குப் போகும் மக்கள் நாம் எல்லாரும்.

ஆகவே இந்த மாதத்தில் மூன்று செயல்களைக் குடும்பமாகச் செய்வோம்.

முதலாவது, கல்லறைத் தோட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிப்போவோம். நம் வீட்டுக் கல்லறையில் பூ வைத்த பிறகு, யாரும் வராத ஒரு கல்லறையிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம்.

இரண்டாவது, நம் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் விட்டுப் போகாமல் காத்த ஒன்றை ஒரே வரியில் எழுதுவோம். பாட்டியிடம் கேட்டால் சொல்வார். அவர் இருக்கும்போதே கேட்போம்.

மூன்றாவது, நாம் முடிவைக் காணப்போவதில்லை என்று தெரிந்தும் செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தொடங்குவோம். ஒரு மரம் நடலாம். படிக்க வசதியில்லாத ஒரு பிள்ளைக்குப் பொறுப்பேற்கலாம். பல ஆண்டுகளாகப் பேசாத உடன்பிறப்பின் வீட்டு வாசற்படியை மிதிக்கலாம். அந்த உறவின் பலனை நம் பிள்ளைகள் அனுபவிப்பார்கள்.

147-ஆம் திருப்பாடல் இறைவனைப் பற்றி இரண்டு செய்திகளை அடுத்தடுத்துச் சொல்கிறது. உள்ளம் உடைந்தோரின் காயங்களுக்கு அவர் கட்டுப்போடுகிறார். விண்மீன்களை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு அழைக்கிறார். கார்த்திகைக் கூட்டத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களின் பெயரை அறிந்தவர், வ.உ.சி. நகரின் அந்தக் குழந்தைகளின் பெயரையும், பெயரழிந்த சிலுவைகளின் கீழே துயில்வோரின் பெயரையும் அறிவார். நம்முடைய பெயரையும் அறிவார்.

மன்றாடுவோம்: காலத்தின் ஆண்டவரே, எங்களுக்கு எஞ்சியிருக்கும் நாள்கள் எத்தனை என்று நாங்கள் கேட்கவில்லை. இன்றைய நாளை எதற்காகத் தந்தீர் என்பதை எங்களுக்கு உணர்த்தும். எங்களுக்கு முன் சென்றவர்களுக்கு உம் ஒளியில் இளைப்பாற்றி அருளும். அவர்கள் விட்டுச்சென்ற நல்ல வேலைகளைத் தொடர எங்கள் கைகளுக்கு வலிமை தாரும். ஆமென்.